சுமை இறங்கும் வழி

கம்பி தொய்ந்திருப்பதை ஹேங்கர்கள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஓரத்தில் மாட்டிய சட்டை, வண்டி இரண்டு மணி நேரம் ஓடி நின்றபின் பார்த்தால் நடுவில் இருக்கும். பக்கத்துச் சட்டையும் கூடவே நகர்ந்திருக்கும். கண்ணுக்கு இன்னும் கம்பி நேராகத்தான் தெரியும். துணிகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

துணி நடுவில் சேரச் சேர அங்கே பாரம் கூடும். பாரம் கூடினால் இன்னும் தொய்யும். தொய்ந்தால் இன்னும் நாலு துணி இறங்கி வரும். ஒரே பாரம் கம்பி நெடுகப் பரவித் தொங்கும்போது எவ்வளவு தொய்வோ, அது முழுக்க நடுப்புள்ளியில் குவிந்தால் 1.6 மடங்கு தொய்வு. யாரும் புதிதாக ஒரு துணிகூட மாட்ட வேண்டாம். மாட்டியவை இடம் மாறினாலே போதும்.

*

இது வீட்டு அலமாரி இல்லை. பிக்கப் டிரக்கின் முதுகில் மூக்கை ஏற்றி வைத்துக்கொண்டு பின்னால் வருகிற வீட்டு வண்டி. ஆர்.வி. வகைகளில் இதை ஃபிஃப்த் வீல் என்பார்கள். டிரக்கின் மேலே ஏறி நிற்கும் முன்பகுதிதான் படுக்கையறை. படுக்கைக்கும் முன்னால், வண்டியின் மூக்குக்குள், அகலவாக்கில் ஓர் அலமாரி. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வண்டியின் அகலம் பொதுவாக 102 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். சுவர், பக்கத்து இழுப்பறைகள் எல்லாம் போக எங்கள் துணிக்கம்பிக்கு வாய்த்தது ஐந்தடி. இரண்டு முனையில் மட்டும் பிடிப்பு. இடையில் ஒன்றுமில்லை.

நிற்கிற இடம் அரிசோனாவில் குவார்ட்ஸைட் பக்கத்துப் பாலைநிலம். நீண்ட நாள் தங்குகிறவர்களுக்கென்று மத்திய அரசின் நில நிர்வாகத் துறை ஒதுக்கிய வெட்டவெளி. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சீசன். வடக்கே பனி கொட்டும் மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வயசாளிகள் வண்டியோடு வந்து இறங்குகிறார்கள். குளிருக்குத் தப்பி வருகிறவர்கள் குளிர்க் கோட்டை விட்டுவிட்டு வருவதில்லை. நாங்களும் அப்படித்தான். பகலில் அரைக்கைச் சட்டையோடு உலாத்துகிறோம். உடுத்தாத கோட்டுகள் உள்ளே கம்பியை அழுத்திக்கொண்டிருக்கின்றன.

*

எல்லாத் துணியையும் இறக்கிக் கட்டிலில் போட்டாயிற்று. கட்டில் மறைந்துவிட்டது.

“என்னங்க, இவ்வளவுமா இதுல தொங்கிச்சு?”

ஒரு ஜீன்ஸ் 600, 700 கிராம். கனத்த கோட்டு ஒன்றரை, இரண்டு கிலோ. தனித்தனியாக எடுத்தால் கைக்குக் கனமே தெரியாது. மீன் எடை போடுகிற கைத்தராசு ஒன்று இருந்தது. நாலைந்தாக மாட்டி நிறுத்துக் கூட்டினேன். முப்பது கிலோவை ஒட்டி வந்தது.

பாரம் இறங்கியதும் கம்பி கொஞ்சம் நிமிர்ந்தது. முழுக்க நிமிரவில்லை. இந்தக் கொஞ்சத்தில்தான் விஷயம் இருக்கிறது. எந்த உலோகமும் பாரத்துக்கு வளையும். எடுத்தால் பழையபடி நிமிரும். அதில் குறை ஒன்றுமில்லை, அதன் இயல்பே அது. ஓர் எல்லையைத் தாண்டி வளைத்துவிட்டால் மட்டும் தாண்டிய அளவு அதற்குள் தங்கிவிடும். அப்புறம் பாரத்தை எடுத்து என்ன, எடுக்காமல் என்ன.

கம்பியைக் கழற்றி ஒரு முனையைக் கண்ணருகே வைத்து மறுமுனையைப் பார்த்தேன். தச்சர்கள் பலகை பார்க்கிற விதம். வளைவு சீராக இல்லை. நடுவுக்குச் சற்றே இடப்புறம் ஓரிடத்தில் குழாயின் மேற்பக்கம் விரலுக்குத் தட்டுப்படுகிற அளவுக்குச் சப்பையாகியிருக்கிறது. அங்கேதான் முதலில் தோற்றிருக்கிறது.

அப்படியே திருப்பி, வளைவு மேலே பார்க்கும்படி மாட்டிவிடலாம் என்பார்கள். கெட்ட யோசனை இல்லை. பாலம் கட்டுகிறவர்கள் உத்தரத்தை வேண்டுமென்றே கொஞ்சம் மேல்வளைவாகச் செய்வதுண்டு, பாரம் ஏறியதும் சமமாகட்டும் என்று. ஆனால் அது திட்டமிட்டுக் கொடுத்த வளைவு. சப்பையாகிப்போன குழாயைத் திருப்பி மாட்டினால் அதே இடம்தான் மறுபடி விட்டுக்கொடுக்கும்.

*

பாலிடெக்னிக்கில் நெட்டுருப் போட்ட ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ சூத்திரம் ஒன்று இத்தனை வருஷம் கழித்துத் துணி அலமாரிக்குள் உதவுகிறது. எடை மாறாமல் கம்பியின் நீளம் மட்டும் இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்காகும்.

எங்களுடையது ஓரங்குல விட்டமுள்ள இரும்புக் குழாய். தகட்டுக் கனம் 0.8 மி.மீ. ஐந்தடி இடைவெளி, முப்பது கிலோ, சீராகப் பரவிய பாரம். கணக்குப் போட்டால் நடுவில் கிட்டத்தட்ட 14 மி.மீ. தொய்வு. இதே அளவில் அலுமினியக் குழாய் என்றால் 40 மி.மீ. அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். பளபளப்பைப் பார்த்து அலுமினியம் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

14 மி.மீ. ஒன்றும் பெரிய பிழை இல்லை. நின்ற வண்டியில் அந்தக் குழாய் முப்பது கிலோவை ஆயுசுக்கும் தாங்கும். வளைவைத் தங்கவைத்தது நின்ற பாரம் அல்ல. ஒரு பாரத்தை மெல்ல இறக்கி வைப்பதற்கும், கம்பியைத் தொடுகிற உயரத்தில் பிடித்திருந்து சட்டென்று கையை விடுவதற்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு. உயரத்திலிருந்து விழவே வேண்டாம், கையை விட்டாலே இரட்டை. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது வண்டியின் மூக்கு எகிறுகிறது. துணிகள் ஒரு கணம் எடையிழந்து மேலே போய் மொத்தமாகத் திரும்பி விழுகின்றன. நெடுஞ்சாலை எண் பத்தை விட்டு இறங்கினால் இந்தப் பக்கத்து மண் ரோடுகள் துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக இருக்கும். சக்கரங்களே எழுப்பிய வரிகள். அந்த ரோட்டில் முப்பது கிலோ அறுபதாகவும் அதற்கு மேலும் ஆகியிருக்கும், விநாடிக்குப் பலமுறை.

*

கம்பியை மட்டும் பழி சொல்லிப் பயனில்லை. இரு முனையையும் பிடித்திருந்த கிண்ணங்களைப் பார்த்தேன். இடப்புறக் கிண்ணத்தின் மேல் ஸ்க்ரூ விரலால் இழுத்தாலே வந்தது. நுனியில் மாவு மாதிரி மரத்தூள். ஸ்க்ரூ பிடித்திருந்தது சுமார் 3 மி.மீ. கனமுள்ள லவான் பிளைவுட். லவான் என்பது பிலிப்பைன்ஸ் மரங்கள் சிலவற்றின் பெயர், இன்று தென்கிழக்கு ஆசியாவின் மெல்லிய பிளைவுட்டுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. அதன் மேல் மரம் மாதிரி அச்சடித்த காகிதம். பின்னால் வெற்றிடம். மூன்று மில்லிமீட்டருக்குள் ஸ்க்ரூவின் புரி இரண்டோ மூன்றோதான் கடிக்கும்.

கோபம் வருவது இயல்பு. வந்த கோபம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. அமெரிக்க ஆர்.வி.க்களில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் வடக்கே எல்கார்ட் வட்டாரத்தில்தான் உருவாகின்றன. அங்கே தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களில் ஆமிஷ் சமூகத்தினர் நிறைய. சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போகிறவர்கள், ஊர் சுற்றுகிறவர்களுக்கு வீட்டு வண்டி கட்டித் தருகிறார்கள். அவர்கள் கையில் மரவேலை இல்லாமல் இல்லை. ஆனால் வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் அச்சில் போய் உட்காரும், டயரில் உட்காரும், டீசல் செலவில் உட்காரும். சுவர் மெலிதாக இருப்பது முழுக்கக் கஞ்சத்தனம் இல்லை. ஓட வேண்டும் என்பதற்காகத்தான் வீடு பாதி வீடாக இருக்கிறது. கதவருகே ஒட்டிய மஞ்சள் சீட்டு, உள்ளே இத்தனை எடைக்கு மேல் ஏற்றாதே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே எதையும் இரும்பால் கட்டி எழுப்பித் தீர்க்க முடியாது. தாங்குவதற்காகச் சேர்ப்பதும் சுமைதான்.

*

கம்பியை மட்டம் பார்க்க ரசமட்டம் இங்கே உதவாது. வண்டி நிற்கிற தரையே சாய்வு. முன்னங்கால்களை ஏற்றி இறக்கிச் சமன் செய்தாலும் ராத்திரி மணல் அமுங்கினால் போச்சு. ரசமட்டம் கம்பியைச் சொல்கிறதா, பாலைவனத்தைச் சொல்கிறதா என்று தெரியாது. கொத்தனார் மாதிரி நூல் பிடித்தேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து இரண்டு முனையிலும் ஒரே அளவு இறக்கி ஆணியில் நூலைக் கட்டியாயிற்று. இந்த வீட்டில் எது மட்டம் என்பதை இந்த வீட்டை வைத்துத்தான் சொல்ல முடியும்.

*

நேற்று முழுக்க ஒரே கேள்வி. இந்த முப்பது கிலோ எங்கே போய் இறங்குகிறது?

துணியிலிருந்து ஹேங்கர், ஹேங்கரிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து கிண்ணம், கிண்ணத்திலிருந்து ஸ்க்ரூ. அதுவரை சரி. ஸ்க்ரூவிலிருந்து 3 மி.மீ. பலகைக்கு. அங்கே நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் அதற்குப் போக வழியில்லை. வழியில்லாத பாரம் ஓட்டையைப் பெரிதாக்கும்.

பெரிய ஸ்க்ரூ போடுவது இதற்குப் பதிலில்லை. பலகை அதேதானே. வலப்புறச் சுவரோ வண்டியின் வெளிச்சுவர். நீளமாகப் போட்டால் உள்ளே ஓடும் ஒயரில் இறங்கலாம், மறுபக்கம் ஃபைபர் தோலைத் துளைத்துத் தலை நீட்டலாம். மழைத்தண்ணீருக்கு அவ்வளவு துளை போதும். ஆர்.வி. அழுகுவது பெரும்பாலும் இப்படியொரு சின்னத் துளையில்தான் ஆரம்பிக்கும்.

ஆகவே ஸ்க்ரூவிடம் பாரத்தைக் கொடுக்கக் கூடாது. பாரம் நேராகக் கீழே போகட்டும். சுவரோடு ஒட்டி ஒரு பலகை, அலமாரித் தரையிலிருந்து கம்பி உயரம் வரை நிற்க வேண்டும். கிண்ணம் அந்தப் பலகையின் தலையில் உட்கார வேண்டும். அப்போது பாரத்தைச் சுமப்பது மரத்தின் நெடுக்குவாட்டம். அந்த வாட்டத்தில் மரம் அழுத்தத்துக்கு அசைந்துகொடுக்காது. ஸ்க்ரூவுக்கு மிச்சம் இருப்பது பலகை சாயாமல் பிடித்துக்கொள்கிற வேலை மட்டும். அதற்குக் குட்டை ஸ்க்ரூ போதும், கூடக் கொஞ்சம் பசை.

பைன் பலகை வாங்கினேன். இங்கே ‘ஒன்றுக்கு மூன்று’ என்று பெயர் சொல்லி விற்பார்கள். அளந்தால் முக்கால் அங்குலம், இரண்டரை அங்குலம். இழைத்தது போக மிச்சம். ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட பொய் என்பதால் யாரும் சண்டை போடுவதில்லை.

பலகையின் பாதத்தில் ஒரு சின்னக் குறுக்குக் கட்டை. அலமாரித் தரையும் மெல்லிய பலகைதான். பாதக்கட்டை இல்லாவிட்டால் பாரம் ஒரே புள்ளியில் குத்தும். கட்டையின் இரு முனையும் தரைக்கு அடியில் ஓடும் சட்டங்களின் மேல் வரும்படி வைத்தேன். சட்டங்களைக் கண்டுபிடிக்கக் காந்தம் போதும். ஸ்டேப்பிள் முள் வரிசையாக ஒட்டுகிற இடத்துக்கு அடியில் சட்டம் இருக்கும்.

*

கம்பியும் மாறியது. மின் ஒயர் ஓட்டுகிற இரும்புக் குழாய், கடையில் ஓரங்குலம் என்று பெயர். வெளிவிட்டம் 29.5 மி.மீ., தகட்டுக் கனம் கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ. பத்தடி நீளத்தில்தான் கிடைக்கும், பாதியாக அறுத்தால் எங்களுக்குச் சரி. பழையதைவிட 2.7 மடங்கு விறைப்பு. எடை ஒன்றரைக் கிலோ, பழையதைப் போல இரண்டு மடங்கு. விட்டத்தில் நாலு மி.மீ.யும் தகட்டுக் கனமும் கூடியதற்கு இவ்வளவு விறைப்பு கிடைப்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். குழாயின் மையத்திலிருந்து உலோகம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வேலை செய்கிறது. நடுவில் இருக்கிற உலோகம் சும்மா கூட வருகிறது.

கலிலியோவின் கடைசிப் புத்தகம் 1638இல் ஹாலந்தில் லைடன் நகரில் அச்சானது. ஃபிளாரன்ஸுக்கு அருகே ஆர்ச்செத்ரியில் வீட்டுக்காவலில் இருந்தவர், பார்வை போய்விட்டிருந்தது. வானத்தை விட்டுவிட்டு உத்தரமும் தூலமும் எப்படி முறிகின்றன என்பதை அதில் எழுதினார். ஒரே அளவு பொருளை உருட்டுக் கட்டையாகச் செய்வதைவிடக் குழலாகச் செய்தால் வலு கூடும் என்பதற்குப் பறவை எலும்பையும் நாணலையும் காட்டுகிறார். பறக்க வேண்டியதற்கு எலும்பு கனக்கக் கூடாது.

எங்கள் பாட்டி வீட்டில் மடித்துணி உலர்த்துகிற மூங்கில், இரண்டு கயிற்றில் விட்டத்திலிருந்து தொங்கும். கோலால் தள்ளித் துணியை மேலே போடுவார்கள். நனைந்த ஒன்பது கஜப் புடவை என்ன கனம் கனக்கும். அந்த மூங்கில் நடுவில் சப்பையாகி நான் பார்த்ததில்லை. காரணம் அதன் கணுக்கள். வளைகிற குழலுக்குள் இருக்கும் ஆபத்து, வட்டம் நசுங்கி முட்டையாவது. சாணுக்கொரு கணு உள்ளே தட்டு வைத்து அடைத்திருந்தால் நசுங்க வழியில்லை. கழற்றிப் போட்ட எங்கள் குழாயில் அப்படி ஒரு தட்டுகூட இல்லை.

பழைய குழாயையே வைத்துக்கொள்கிறவர்கள் உள்ளே இறுக்கமாக ஓர் உருட்டு மரத்தை இறக்குவது இதனால்தான். மரம் விறைப்பை அதிகம் கூட்டாது. குழாய் நசுங்காமல் பார்த்துக்கொள்ளும்.

*

நடுவில் ஒரு தாங்கல். இதைத்தான் முதலில் செய்ய நினைத்தேன், கடைசியில் செய்தேன்.

ஐந்தடி இரண்டரை அடியாகிறது. பாதிகள் தனித்தனிக் கம்பியாக இருந்தாலே தொய்வு பதினாறில் ஒரு பங்கு. ஒரே கம்பியாகத் தொடர்ந்து ஓடினால் அதைவிடவும் குறைவு. புதுக்குழாயின் விறைப்பையும் சேர்த்தால் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. நூலை வைத்துப் பார்த்தாலும் தெரியாது.

என்னை உட்கார வைத்தது வேறொரு கணக்கு. நடுவில் ஒரு தாங்கல் வந்ததும் பாரம் மூன்றாகச் சமமாகப் பிரிவதில்லை. எட்டில் ஐந்து பங்கு நடுவுக்குப் போகிறது. முனைகளுக்கு ஒவ்வொன்றிலும் பதினாறில் மூன்று. முப்பது கிலோவில் நடு ஆள் கிட்டத்தட்ட பத்தொன்பது கிலோ வாங்கிக்கொள்கிறான். பதினைந்து பதினைந்தாகச் சுமந்த ஓரத்துக் கிண்ணங்களுக்கு இனி ஆறு ஆறு கிலோகூட இல்லை. துணைக்கு என்று வந்தவன்தான் இனி பாதிக்கு மேல் சுமக்கிறான். சும்மா ஒரு கொக்கியை மேல்தட்டில் மாட்டிவிட்டு, கூடுதல் பிடிப்பு வந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பதில் உள்ள ஓட்டை இது. பாதிக்கு மேல் பாரத்தை அந்தக் கொக்கியிடம் கொடுத்துவிட்டோம், அதன் ஸ்க்ரூவும் அதே மெல்லிய பலகையில்தான்.

இதை மனைவியிடம் சொன்னேன்.

“இதுக்குப் புஸ்தகம் வேற வேணுமா?” என்றாள், கோட்டை மடித்துக்கொண்டே.

எனவே நடுவிலும் பின்சுவரோடு ஒரு பலகை, தரையிலிருந்து. அதில் முக்கோண பிராக்கெட், அதன் நுனிக் கொக்கியில் குழாய். பிராக்கெட் சுவரைவிட்டு முன்னே நீட்டி நிற்பதால் மேல் ஸ்க்ரூவை அது வெளியே இழுக்கும், கீழ் முனை பலகையை உள்ளே தள்ளும். மேல் ஸ்க்ரூவுக்கு மட்டும் பலகையின் முக்கால் அங்குலமும் வேண்டும். அங்கே ஸ்க்ரூ போடாமல், பலகையைச் சுவரில் ஒட்டுமுன்பே பின்புறமிருந்து போல்ட் கொடுத்து, முன்னால் வாஷரும் நட்டும் போட்டு முடுக்கினேன். போல்ட்டின் தலை பலகைக்குள் புதைந்திருக்கிறது. சுவருக்குத் தெரியாது.

*

திரும்ப மாட்டும்போது எல்லாம் திரும்பவில்லை. இரண்டு கோட்டு, பழைய ஜீன்ஸ் சில, ஒருமுறையும் உடுத்தாத ஒரு பிளேசர், எல்லாம் குவார்ட்ஸைட்டில் பழைய துணி வாங்கும் கடைக்கு. ஏழு கிலோ. பட்டுப் புடவை இரண்டு இருந்தது. அவற்றை ஹேங்கரிலிருந்து எடுத்து, மடிப்பை மாற்றி மடித்துப் பருத்தித் துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்துவிட்டாள். தொங்குகிற பட்டு மடிப்பில் நைந்துபோகும், ஜரிகை இருந்தால் சீக்கிரமே.

நான் சேர்த்த மரமும் இரும்பும் நாலு கிலோவை ஒட்டி. ஆக வண்டி மூன்று கிலோ இளைத்திருக்கிறது. மூக்கில் இளைத்த மூன்று கிலோ. ஃபிஃப்த் வீலில் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை டிரக்கின் முதுகில் உட்காரும். மூக்கில் ஏற்றுவதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் சேரும். இப்போது வழி முழுசாகத் தெரிகிறது. துணி, குழாய், பலகை, பாதக்கட்டை, தரைச் சட்டம், வண்டியின் இரும்புச் சட்டகம், கொண்டி, டிரக்கின் பின் அச்சு, டயர், ரோடு.

கனத்த கோட்டுகள் தாங்கலுக்குப் பக்கத்தில், லேசானவை இடைவெளியில். ஹேங்கர்கள் ஓடாமல் இருக்கத் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற கறுப்பு ஃபோம் உறையை நீளவாக்கில் கீறிக் கம்பிக்குப் போட்டேன். பார்க்க அழகில்லை. சட்டை நகராது.

*

ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் அதை ஒட்டிய பிராக்கெட்டிலுமாக ஒரே கோடாக மார்க்கர் பேனாவால் இழுத்து வைத்திருக்கிறேன். லாரி டயர் நட்டில் மெக்கானிக்குகள் போடுகிற அதே கோடு. திருகு தளர்ந்து சுற்றியிருந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும். வியாழக்கிழமை தண்ணீர் நிரப்ப ஊருக்குள் போக வேண்டும், அந்த வரிவரி ரோட்டில்தான். போய்ச் சேர்ந்ததும் முதலில் அலமாரிக் கதவைத் திறந்து கோடுகளைப் பார்க்க வேண்டும். நடு போல்ட் பிரிந்திருந்தால் பூட்டு வாஷர் வாங்க வேண்டும், ஹார்டுவேர் கடை தண்ணீர்க் குழாய்க்கு எதிரேதான் இருக்கிறது. கட்டிலைத் தூக்கி நிறுத்துகிற இரண்டு கேஸ் தூக்கிகளின் ஸ்க்ரூக்களையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். அவையும் மூன்று மில்லிமீட்டர் பலகையில்தான் இருக்கின்றன.